ஹிர்ஷ் கடை மரத்தலை

ஜெர்மனியில் ஒரு சிற்றூர். அங்கே வாழ்ந்த யூதர்களின் கதையைச் சொல்ல ஓர் அருங்காட்சியகம் வைத்திருந்தார்கள். ஒருநாள் ஒரு மரத்தலை அங்கே வந்து சேர்ந்தது.

கண், மூக்கு, வாய் எதுவும் கிடையாது அதற்கு. லாசர் ஹிர்ஷ் என்ற யூதர் தம் கடையில் அதன்மேல்தான் நீராவியில் காட்டிய கம்பளித் துணியை இழுத்துத் தொப்பி செய்வார். 1938இல் யூதர்களை வெறுத்த ஒரு கும்பல் புகுந்து கடையை நொறுக்கியது. தெருவில் போய் விழுந்த மரத்தலையின் உச்சியில் வெடிப்பு கண்டது. ஹிர்ஷ் மனைவி மக்களோடு அர்ஜென்டினாவுக்குத் தப்பினார். மரத்தலையோ பக்கத்து வீட்டுப் பரணில் எண்பது வருஷம் கிடந்தது.

காப்பாளர் ஹெட்விக் அதைத் துடைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, 'லாசர் ஹிர்ஷ் தொப்பி செய்த மரத்தலை' என்று ஒரு சீட்டும் எழுதி வைத்தாள். உள்ளே ஏற்கெனவே ஒரு வெள்ளிக் கிண்ணம் இருந்தது.

"ஓய்வுநாள் விருந்தில் பிரார்த்தனைக்குத் திராட்சை ரசம் ஏந்தினவன் நான்," என்றது கிண்ணம். "உன்னை வைத்து யாராவது பிரார்த்தனை சொன்னதுண்டா?"

"பிரார்த்தனைக்குப் போனவர்கள் போட்டிருந்த தொப்பியெல்லாம் என்மேல் பிறந்ததுதான்."

"வாயே இல்லை, பேச்சைப் பார்! சரி, சும்மா இரு. இங்கே யாரும் தொடமாட்டார்கள். பத்திரம்."

"பரணில்கூடப் பத்திரமாகத்தான் இருந்தேன்," என்றது மரத்தலை.

அந்தக் கோடையில் அர்ஜென்டினாவிலிருந்து மிர்த்தா வந்தாள். லாசர் ஹிர்ஷின் பேத்தி. அவளும் தொப்பி செய்கிறவள். கண்ணாடிமுன் வெகுநேரம் நின்றுவிட்டுக் கேட்டாள்:

"இதில் ஒரே ஒரு தொப்பி செய்துகொள்ளட்டுமா?"

ஹெட்விக் பதறினாள். "நீராவி பட்டால் வெடிப்பு பிளந்துவிடும், அம்மா. போனால் வராத பொருள்."

"பிளந்தால் பிளக்கட்டும்," என்றது மரத்தலை. "ஹிர்ஷ் தொப்பி செய்தார் என்று சொல்ல இந்தச் சீட்டு போதும். எப்படிச் செய்தார் என்று காட்ட நான் வேண்டும். திற, ஹெட்விக்."

ஹெட்விக் சற்று யோசித்தாள். பிறகு பெட்டியைத் திறந்தாள்.

பார்க்க வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். மிர்த்தா கம்பளித் துணியை ஆவியில் காட்டி, மரத்தலைமேல் போட்டு, இரண்டு கையாலும் இழுத்தாள். 'கிரீச்' என்றொரு சத்தம். ஹெட்விக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏன் நிறுத்திவிட்டாய்? இன்னும் இழு!" என்று அதட்டியது மரத்தலை.

அது பிளக்கவில்லை. தொப்பி காய்ந்ததும் அதன் உச்சியில் வெடிப்பு பதிந்து மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. மிர்த்தா அதைத் தேய்த்து அழிக்கப் பார்த்தாள்.

"அதுவும் நடந்ததுதானே? இருக்கட்டும்," என்றது மரத்தலை.

மிர்த்தா கையை எடுத்தாள். தொப்பியை ஹெட்விக்கின் தலையில் வைத்தாள்.

மறுநாள் காலை ஹெட்விக் அதே தொப்பியோடு உள்ளே வந்தாள்.

"பஸ்ஸில் ஒருவர் இதை எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டார்," என்றாள். "ஹிர்ஷ் கடை என்றேன். அந்தக் கடைதான் இப்போது இல்லையே என்றார்."

"அதற்கு நீ?" என்று கேட்டது மரத்தலை.

"பத்து மணிக்குத் திறக்கிறோம், வாருங்கள் என்றேன்."