மின்மினி வீடு

பறவையும் பூச்சியும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஏரிக்கரைப் பனை ஒன்றில் தூக்கணாங்குருவி முதல் தொங்குகூட்டைக் கட்டியது. எந்தப் பனை என்று கேட்காதீர்கள். அந்தப் பெருமைக்காக இரண்டு பனைகள் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

குருவி தன் முடிச்சை யாரிடமும் மறைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கற்கலாம், தன் வசதிக்கு மாற்றிக் கட்டலாம். கற்றவர் அதை அடுத்தவரிடம் மறைக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. அதனால் கரை முழுக்கக் கூடுகள் தொங்கின. உள்ளேதான் கும்மிருட்டு. விளக்கும் செய்துகொண்டிருக்கிறேன், அடுத்த மழைக்குள் முடிந்துவிடும் என்று குருவி மழைக்கு மழை சொல்லிவந்தது.

அப்படி ஒரு மழைக்காலத்தில், மின்மினி ஒன்று சும்மா விளையாட்டுக்கு ஒரு கூட்டுக்குள் போய் உட்கார்ந்தது. அந்நாளில் மின்மினியின் வெளிச்சம் அணையாமல் நின்று எரியும். கூடு பொன்னாய்த் தெரிந்தது. மற்ற கூட்டுக்காரர்களும் ஆளுக்கொரு மின்மினியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார்கள். எல்லார் வாயிலும் ஒரே பேர்: மின்மினி வீடு.

குருவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'குருவி மின்மினி வீடு' என்று சொல்லுங்கள் என எதிர்ப்பட்டவரையெல்லாம் திருத்தியது. கல்யாண வீட்டில் திருத்தியது. எழவு வீட்டிலும் திருத்தியது. அது வருவதைக் கண்டாலே கொக்குகள் மீன் பிடிப்பதுபோல் தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டன.

கடைசியில் ஒருநாள் மாலை, அந்த முதல் மின்மினி இருந்த கூட்டுக்கே குருவி சண்டைக்குப் போனது.

"நான் அப்படிக் கூப்பிடச் சொல்லலையே அண்ணே," என்றது மின்மினி. "என்னமோ சொல்லிட்டுப் போறாங்க, விடுங்க."

"விடுறதா? நார் நாராக் கிழிச்சு, அலகு தேயக் கட்டினவன் நான். நீ வந்து உட்கார்ந்தவன்."

பனைமட்டையில் இருந்த அணில் எட்டிப் பார்த்தது. "பேருன்னு வந்துட்டா, மெத்தைக்கு இலவம்பஞ்சு கொண்டாந்தவன் நான். என் பேரையும் சேர்த்துடு மாமா."

"நீ பஞ்சுதானே கொண்டாந்தே."

"உன்னையும் ஊரு அப்படித்தான் சொல்லுது. நாருதானே கட்டினான்னு."

பதில் இல்லாதவன் கோபம் பொல்லாதது. ஏரியோரம் போய் அலகு நிறைய ஈரமண்ணை அள்ளிவந்து, மின்மினியைச் சுவரோடு சுவராக வைத்து அப்பியது.

"இப்ப நீ என் சுவரு. சுவருக்கு ஏதுடா பேரு?"

மின்மினி வெளிச்சத்தை அணைத்தது. உலகத்தில் மின்மினி அணைந்தது அதுவே முதல் தடவை. எரி என்று குருவி அதட்டியது. எரிந்தது. இது தன் வெளிச்சம் என்று குருவி சொல்ல வாயெடுத்தது, மின்மினி அணைந்தது. மறுபடி எரிந்தது. மறுபடி வாயெடுத்தது, மறுபடி அணைந்தது. மண் காய்ந்து வெடித்ததும் மின்மினி வெளியே பறந்தது. மற்ற கூடுகளிலிருந்த அதன் சொந்தமெல்லாம் கூடவே கிளம்பிற்று. கரை முழுதும் இருண்டது.

அந்த மாலையிலிருந்துதான் மின்மினி விட்டுவிட்டு எரிகிறது. யார் வெளிச்சம் என்று யாரும் வாயெடுப்பதற்குள் அணைத்துவிட்டு இடம் மாறிவிடுகிறது. குருவி கேட்ட பேர் குருவிக்குக் கிடைத்துவிட்டது. தூக்கணாங்குருவிக் கூடு என்றுதான் இன்று எல்லாரும் சொல்கிறோம். உள்ளே கையை விட்டுப் பாருங்கள்: சுவரில் காய்ந்த மண்ணும், இருட்டும்.