பூவாயி எறிந்த நெல்லிக்காய்

மழை பொய்த்த ஒரு வருடம், புள்ளிமான் கூட்டம் ஒன்று ஆற்றைக் கடந்து அக்கரைக் காட்டுக்குக் குடிவந்தது. அங்கே புல் நிறைய இருந்தது. மரங்களில் குரங்குகள் இருந்தன. ஆனால் அந்தக் குரங்குகள் பேசிய மொழி மான்களுக்குப் புரியவில்லை.

வந்த நான்காம் நாள், புதருக்குள் சிறுத்தை பதுங்கியிருப்பதைப் பூவாயி என்ற மந்தி மரத்தின் மேலிருந்து பார்த்துக் கத்தியது. மான்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேயக் குனிந்தன. சிறுத்தை ஒரு பெண்மானைக் கொண்டுபோய்விட்டது.

கூட்டத்தின் தலைவன் மருதன் இடிந்துபோனது. பெரியவர்கள் மண்டையில் இனி ஏறாது, குட்டிகளாவது குரங்கு மொழியைக் கற்கட்டும் என்று முடிவு செய்தது. இரண்டு மொழியும் தெரிந்த கிளியிடம் குட்டிகளை அனுப்பியது. கிளி ஒவ்வொரு சொல்லையும் நூறு தடவை சொல்லச் சொன்னது. குட்டிகள் சொல்லின. மறுநாள் மறந்தன. பொட்டு என்ற குட்டி நின்றபடியே தூங்கியது.

பூவாயி இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. தொண்டை கிழியக் கத்தியும் ஓர் உயிர் போய்விட்டதே என்ற வருத்தம் அதற்கு ஆறவே இல்லை. ஒருநாள் பாடம் முடிந்ததும், கை நிறைய நெல்லிக்காயோடு தாழ்ந்த கிளைக்கு இறங்கி வந்தது. மான் மொழியில் அதற்கு ஒரு சொல்கூடத் தெரியாது. “கிக்கி” என்று சொல்லி ஒரு காயை ஆற்றுப் பக்கம் எறிந்தது. “தொப்பா” என்று சொல்லி இன்னொன்றை மலைப் பக்கம் எறிந்தது. “ஊம்” என்று சொன்னால், அசையாமல் நின்ற குட்டிக்குத்தான் காய்.

காய் பறப்பதைப் பார்த்த பிறகு ஓடிய குட்டிகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சொல் காதில் விழுந்ததுமே ஓடிய பொட்டுவுக்கு வாய் நிறையக் கிடைத்தது. பத்தே நாளில் எல்லாக் குட்டிகளும் பொட்டுவைப் போல ஓடின.

படிக்க வேண்டிய பிள்ளைகள் காய் தின்று குதிக்கின்றன என்று கிளி மருதனிடம் முறையிட்டது. மருதன் கோபமாக வந்து, விளையாட்டை இன்றோடு நிறுத்தச் சொல்லிக் குட்டிகளை அதட்டியது.

அப்போது பூவாயி உச்சிக் கிளையிலிருந்து அலறியது. “தொப்பா! தொப்பா!”

அதன் கையில் காய் இல்லை. ஆனாலும் குட்டிகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் மலைப் பக்கம் பாய்ந்தன. தாய்மான்கள் குட்டிகளின் பின்னால் ஓடின. கடைசியாக மருதன் ஓடியது. ஆற்றோர நாணலிலிருந்து பாய்ந்த சிறுத்தைக்கு வெறும் தரைதான் மிஞ்சியது.

மூச்சு வாங்கியபடி மருதன் பொட்டுவிடம், “குரங்கு மொழியில் நன்றிக்கு என்ன சொல்வார்கள்?” என்று கேட்டது.

“தெரியாது. அந்தச் சொல் எங்கள் விளையாட்டில் வரவில்லை” என்றது பொட்டு.

கிளிதான் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தது. தன் புகாருக்காக வருத்தமும் தெரிவித்தது. மருதன் மரத்தடிக்குப் போய், அண்ணாந்து பார்த்து, அந்தச் சொல்லைத் தட்டுத்தடுமாறிச் சொன்னது. பூவாயி முதலில் சிரித்தது. பிறகு தாழ்ந்த கிளைக்கு இறங்கி வந்து மருதனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

அன்றுமுதல் குரங்குகள் தண்ணீர் குடிக்க இறங்கும்போதெல்லாம், மான்கள் சுற்றி நின்று காற்றை மோப்பம் பிடித்துக் காவல் காத்தன.

பிள்ளைகள் ஆசையாக விளையாடிக் கற்ற மொழி ஆபத்து வேளையிலும் மறக்காது. அப்படிக் கற்றுக்கொடுத்தவருக்கு நன்றி சொல்ல, பெரியவர்களும் ஒரு புதுச் சொல்லைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.