உப்புக்காரர் குரல் வாங்கிய கதை

அந்தக் காலத்தில் பறவைக்கும் மனுஷருக்கும் ஒரே பேச்சுதான். காக்கை வாசலில் வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுப் போகும். மைனா வீட்டுச் சண்டைக்குப் பஞ்சாயத்து சொல்லும். என்ன காலம் அது! இன்றைக்கு நினைத்தாலும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அப்போது கடற்கரையில் பலவேசம் என்று ஓர் உப்புக்காரர் இருந்தார். கோடையில் வாரிய உப்பைப் பொதிமாட்டின் மேல் ஏற்றி, உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பார். மழை இறங்குவதற்குள் விற்றாக வேண்டும். நனைந்தால் உப்பு கரைந்து ஓடிவிடும், அப்புறம் மழைக்காலம் முழுக்க வீட்டில் அடுப்பு எரியாது. மனுஷர் தங்கமானவர், படி நிறைய அளந்து மேலே ஒரு கை அள்ளிப் போடுவார். ஆனால் வாய் மட்டும் திறக்காது, அப்படி ஒரு கூச்சம்.

அவருக்கு வாயாக இருந்தது ஒரு குயில். மாட்டின் திமிலில் உட்கார்ந்து வரும். தெருமுனை வந்ததும், "உப்புக்காரர் வந்திருக்கார், உப்பூ" என்று குரல் கொடுக்கும். பெண்கள் ஓலைப்பெட்டியோடு ஓடி வருவார்கள். அதற்குக் கூலி, நாளுக்குப் பத்து அத்திப்பழம்.

ஒரு வருஷம் பலவேசத்துக்குப் புத்தி வேறு மாதிரி போயிற்று. "பத்து வருஷமா வாங்குற சனம். உப்பில்லாம யார் வீட்டுல சோறு இறங்கும்? உனக்கு எதுக்கு நான் பழம் பறிச்சுக்கிட்டுத் திரியணும்?" என்றார்.

"சரி அண்ணாச்சி" என்று குயில் ஊருக்கு வெளியே இருந்த மாந்தோப்புக்குப் பறந்து போயிற்று.

அதன்பின் அவர் தெருத்தெருவாக ஊமைபோலப் போனார், ஊமைபோலத் திரும்பினார். உள்ளே உரலில் இடிக்கிறவளுக்கு வெளியே மாடு போவது எப்படித் தெரியும்? வழியில் எதிர்ப்பட்ட வெளியூர்க்காரர்கள் ரெண்டு படி வாங்கினார்கள், அவ்வளவுதான். ஐப்பசி நெருங்கியது, பொதி குறையவில்லை.

ஒருநாள் மத்தியானம், வடிவாச்சி என்ற பழைய வாடிக்கைக்காரி கிணற்றடியில் அவரைப் பார்த்துக் குடத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"அண்ணாச்சி, உயிரோடதான் இருக்கியளா?"

"எனக்கென்ன கேடு?"

"உங்க குயில் குரலைக் கேட்டு ரெண்டு மாசமாச்சே. தவறிட்டியளோன்னு நெனச்சு, ஒருநாள் தெருவே உங்களுக்காக உப்பில்லாச் சோறு தின்னோம். இப்ப மணியடிச்சுக்கிட்டு வாரவர்கிட்ட வாங்குதோம்."

பலவேசத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. உப்பை விலக்கி வைத்துத் தனக்குத் துக்கம் அனுசரித்திருக்கிறார்கள். அவ்வளவு பிரியம் வைத்த தெருவில்தான் தினமும் செத்தவனாக நடந்திருக்கிறார்.

கிழக்கே மேகம் கறுத்தது. மாந்தோப்புக்கு ஓடினார். "தப்பு என்னுதுதான், வந்துரு" என்று மரத்தைப் பார்த்துக் கெஞ்சினார்.

"நான் எங்க இருக்கேன், தெரியுதா அண்ணாச்சி?" என்று இலைக்குள்ளிருந்து குயில் கேட்டது.

"தெரியலையே."

"இங்க வந்தப்புறம் யாரும் என்னைப் பார்த்ததில்ல. ஆனா நான் இருக்கேன்னு எல்லாருக்கும் தெரியும். குரல் கொடுக்கிற வரைக்கும்தான் நான் உண்டு. எனக்கு வயசாச்சு, இனி மாட்டு மேல வர முடியாது. என் பேச்சை உங்களுக்குத் தாரேன். கொடுத்தா திரும்ப வராது."

"அப்ப உனக்கு?"

"எனக்கு வெறும் ராகம் போதும்."

அதுதான் குயில் பேசிய கடைசிப் பேச்சு. பலவேசம் தெருமுனையில் நின்று வாயைத் திறந்தார். கூச்சத்தில் பாதிச் சொல்லை விழுங்கி, குயிலின் ராகத்திலேயே இழுத்தார்: "ஊப்போ... ஓ..." என்ன சொல்கிறார் என்று ஒருத்திக்கும் விளங்கவில்லை. வந்திருப்பது யார் என்று மட்டும் தெருவுக்கே தெரிந்தது. உலக்கையைப் போட்டுவிட்டு, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஓடி வந்தார்கள். முதல் தூறல் விழும்போது பொதி காலி.

நன்றி சொல்லத் தோப்புக்குப் போனார். குயிலுக்குப் பதில் சொல்ல வரவில்லை, பாடத்தான் வந்தது. அவர் பறித்து வந்த பத்து அத்திப்பழத்தையும் மரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

அன்றைக்குப் பிடித்த வழக்கம்தான், எவ்வளவு நல்ல சரக்கானாலும் தெருவில் விற்கிறவர் வாய் மூடி நடப்பதில்லை, சொல் விளங்காத ராகத்தில் இழுத்துக்கொண்டேதான் போகிறார். நம் பேச்சும் அதை மறக்கவில்லை: குயிலும் கூவுகிறது, வியாபாரியும் கூவுகிறார் என்றுதான் இன்றும் சொல்கிறோம்.