மதிப்பெண் இல்லாத கேள்வி

தாவ் ஹைமிங் அந்த ஆங்கிலத் தேர்வை மூன்று முறை எழுதியிருந்தார். பேச்சுப் பகுதியில் முதல் முறை முப்பதுக்கு இருபது மதிப்பெண் வந்தது. மூன்று மாதம் உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்தார், பத்தொன்பது வந்தது. இன்னும் மூன்று மாதம் சாப்பாட்டை மறந்து பயிற்சி செய்தார், பதினெட்டு வந்தது. இப்படியே போனால் பயிற்சியை நிறுத்துவதுதான் நல்லது என்று அலுவலகத்தில் கேலி பேசினார்கள். அவரும் கூடவே சிரித்து வைத்தார். உள்ளுக்குள் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

வேண்டியது இருபத்துமூன்று.

அவர் சீனாவின் லான்சோ நகரத்துக்காரர். மஞ்சள் ஆற்றங்கரையில் இருக்கும் ஓர் அளவை நிலையத்தில் பதினாறு வருட வேலை. ஆற்றுத் தண்ணீரைப் புட்டியில் பிடித்து, வடிகட்டி, காயவைத்து, அதில் எவ்வளவு வண்டல் இருக்கிறது என்று நிறுத்து, அந்த எண்ணைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிய எண்களுக்கு யாரும் பதில் எழுதியதில்லை. அந்த மண் எங்கிருந்து கிளம்பி வருகிறது, எங்கே போய்ப் படிகிறது என்பதை முழுசாகப் படித்துவிட வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகம் அதற்கென்றே ஒரு முதுகலைப் படிப்பு வைத்திருந்தது. விண்ணப்பத்தில் எல்லாம் தயார், ஆங்கிலப் பேச்சு மட்டும் பாக்கி.

இன்னொன்றும் இருந்தது. அவருடைய துறையில் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் படிப்பு விடுப்பு தருவார்கள். தாவுக்கு டிசம்பரில் நாற்பது முடிகிறது. வருகிற சனிக்கிழமைத் தேர்வை விட்டால் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டியதுதான்.

அந்த நிலைமையில்தான் அவர் பெங் லானிடம் போனார். பெங் லானுக்கு வயது இருபத்தெட்டு. தாவைவிடப் பதினோரு வயது இளையவர். நூடுல்ஸ் கடை ஒன்றின் மாடியில் பத்து நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு தேர்வுக்கு வகுப்பு எடுத்தார். தன்னைவிடச் சின்னப் பெண்ணிடம் போய் உட்காருவதில் தாவுக்குக் கொஞ்சம் கூச்சம் இருந்தது. ஆனாலும் காரியம் ஆக வேண்டுமே என்று ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் படியேறினார்.

"டீச்சர், இருபத்துமூணு வாங்க நான் என்ன பண்ணணும்?"

"உங்களுக்குப் பிடிச்ச இடம் எது? ஆங்கிலத்துல சொல்லுங்க."

தாவ் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். எனக்குப் பிடித்த இடம் கடற்கரை, அதற்கு மூன்று காரணங்கள் உண்டு என்று ஆரம்பித்து, அலை, காற்று, நண்பர்கள் என்று வரிசையாகச் சொல்லி, நாற்பத்தைந்தாவது வினாடியில் கச்சிதமாக முடித்தார்.

"கடலைப் பார்த்திருக்கீங்களா, தாவ் அண்ணா?"

"இல்லை."

"அப்புறம் ஏன் கடல்?"

"தொகுப்புல கடல்தான் இருக்கு."

அங்கே இது ஊருலக வழக்கம். தேர்வு எழுதிவிட்டு வெளியே வருபவர்கள் தங்களுக்கு வந்த கேள்விகளை ஞாபகத்திலிருந்து எழுதி இணையத்தில் போட்டுவிடுவார்கள். யாரோ உட்கார்ந்து அவற்றுக்கெல்லாம் பதில் தயாரித்துத் தொகுப்பாக வெளியிடுவார்கள். கையில் ஒரு கடற்கரை இருந்தால் போதும், பிடித்த இடம், மறக்க முடியாத நாள், நண்பனோடு போன பயணம் எதைக் கேட்டாலும் அங்கே கூட்டிக்கொண்டு போய்விடலாம். தாவ் அப்படி நூற்றிருபது பதில்களைக் கரைத்துக் குடித்திருந்தார். சமையலறையில் கேட்டுக் கேட்டே அவர் மனைவிக்கும் அந்தக் கடற்கரை மனப்பாடம். அந்த அம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

பெங் லான் மேசை மேல் ஒரு மைக்கை எடுத்து வைத்தார்.

"இன்னையிலிருந்து மைக் சோதனை மட்டும் பண்ணலாம்."

தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தேர்வறையில் ஹெட்போனை மாட்டியதும் திரையில் முதலில் ஒரு கேள்வி வரும். நீங்கள் வசிக்கும் நகரத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்கும். மைக் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அது. அதற்கு மதிப்பெண் கிடையாது. அதில் போய்த் தொண்டையை வீணாக்காதீர்கள் என்று எல்லா வகுப்பிலும் சொல்லி அனுப்புவார்கள். அதனால் அறையில் இருக்கும் அறுபது பேரும் நான் லான்சோவில் வசிக்கிறேன், நான் லான்சோவில் வசிக்கிறேன் என்று பச்சை விளக்கு எரியும்வரை மந்திரம்போல் முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். மூன்று தேர்விலும் தாவ் செய்ததும் அதுதான்.

"டீச்சர், அதுக்கு மார்க் இல்லையே?"

"இல்லை. சொல்லுங்க."

தாவ் மைக்கைப் பார்த்துச் சொன்னார். "நான் லான்சோவில் வசிக்கிறேன்."

"மைக் இன்னும் சரியாகலை. மறுபடியும்."

அன்றைக்கு அதை நாற்பது முறை சொன்னார். பெங் லான் பக்கத்தில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே, மறுபடியும், மறுபடியும் என்றார். பின்னால் இருந்த இளவட்டங்கள் ஆளுக்குப் பன்னிரண்டு கேள்விகளை முடித்துவிட்டு நூடுல்ஸ் சாப்பிட இறங்கிப் போனார்கள். போகும்போது ஒருவன் தாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

திங்கட்கிழமையும் அப்படியே போயிற்று.

செவ்வாய்க்கிழமை தாவுக்கு அலுத்துவிட்டது. ஒரே வாக்கியத்தை எத்தனை முறைதான் சொல்வது? நான் லான்சோவில் வசிக்கிறேன் என்றவர், நகரத்தின் நடுவில் ஓர் ஆறு ஓடுகிறது, அதன் தண்ணீர் பழுப்பு நிறம் என்று சேர்த்துச் சொன்னார்.

விதை கொறிக்கும் சத்தம் நின்றது. பெங் லான் ஆங்கிலத்தில் கேட்டார்.

"எவ்வளவு பழுப்பு?"

"ரொம்பப் பழுப்பு. ஜூலையில் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தால், காலையில் அடியில் இவ்வளவு மண் நிற்கும்." தாவ் விரலைக் காட்டினார்.

"மைக்குக்கு உங்க விரல் தெரியாது. வாயால சொல்லுங்க."

தாவ் யோசித்தார். அந்தக் கனத்துக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. "என் மனைவி சுடும் ரொட்டி கனத்துக்கு" என்றார்.

"அதை யாரு அளக்கிறாங்க?"

"நான்."

"ஏன்?"

தாவ் பேச ஆரம்பித்தார். குளிர்காலத்தில் புட்டிக்குள் தண்ணீர் உறைவதைச் சொன்னார். படகு ஆடும்போது கையை எப்படி ஆடாமல் வைத்துக்கொள்வது என்று சொன்னார். ஏதோ ஒரு சொல் கிடைக்காமல் நின்றார், வேறொரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவருக்குத் தெரிந்தபோது மணி எட்டேகால். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

புதன்கிழமை வந்ததும் கேட்டார்.

"நேத்து நான் பேசினதுல தப்பு இருந்துச்சா, டீச்சர்?"

"இருந்துச்சு."

"எத்தனை?"

"மைக் சோதனைக்குத்தான் மார்க்கே கிடையாதே அண்ணா. தப்புக்கு எதிலேர்ந்து கழிக்கிறது?"

வெள்ளிக்கிழமை வந்தது. அன்றும் மேசையில் மைக்தான் இருந்தது. தாவ் உட்காரவில்லை.

"டீச்சர், நாளைக்குத் தேர்வு. ஆறு நாள் போயிடுச்சு. நீங்க என்னை ஒரு தேர்வுக் கேள்விகூடக் கேட்கலை."

"கேட்கலை."

"எனக்கு இன்னொரு தடவை கிடையாது. பின்னால உட்கார்ந்திருக்கிறாங்களே, அவங்களுக்கு இருபத்திரண்டு வயசு. இந்த வருஷம் இல்லாட்டி அடுத்த வருஷம் எழுதுவாங்க. எனக்குப் பயமா இருக்கு, டீச்சர்."

பெங் லான் எழுந்து நின்றார். முகத்தில் விளையாட்டு இல்லை.

"தெரியும், அண்ணா. நாளைக்கு மைக் மட்டும் சரியா இருக்கான்னு பாருங்க. மத்ததைப் பத்தி யோசிக்காதீங்க."

இது ஒரு பதிலா? தாவுக்குக் கோபம் மூக்கின் மேல் வந்தது. போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனார். சாயங்காலம் நூற்றிருபது பதில்களையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒருமுறை முழுசாக ஒப்பித்துப் பார்த்தார். கடற்கரை பத்திரமாக இருந்தது. அதன் பிறகுதான் மனசு கொஞ்சம் அடங்கியது.

சனிக்கிழமை தேர்வறையில் அறுபது பேரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள். திரையில் நகரத்தைப் பற்றிய கேள்வி வந்தது. நான் லான்சோவில் வசிக்கிறேன், நான் லான்சோவில் வசிக்கிறேன் என்று நாலு பக்கமும் முணுமுணுப்பு எழுந்தது.

தாவும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஒருமுறை சொன்னார். அடுத்து அவர் வாயில் வந்தது ஆறு. ஆறு நாள் பழக்கம், அது பாட்டுக்கு வந்துவிட்டது. பழைய இரும்புப் பாலத்தைச் சொன்னார், காலையில் நூடுல்ஸ் கடைகளிலிருந்து எழும் ஆவியைச் சொன்னார், கரையோரத்து அளவுகோலைச் சொன்னார். பச்சை விளக்கு எப்போது எரிந்தது என்று அவர் கவனிக்கவில்லை. திரை தானாக அடுத்த பக்கத்துக்குப் போனது.

முதல் கேள்வி வந்தது. நீங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்த நாளைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஒரு நாள் நானும் நண்பனும் கடற்கரைக்குப் போனோம் என்று தொடங்கும் பதில் நாக்கின் நுனியிலேயே இருந்தது. ஆனால் தாவ் இன்னும் ஆற்றங்கரையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அது ஜூலை மாதம். வெள்ளம் வந்திருந்தது. நானும் என்னோடு வேலை பார்ப்பவரும் படகில் இருந்தோம். மேலேயிருந்து ஒரு கதவு மிதந்து வந்தது. வீட்டுக் கதவு. அதன் மேல் ஒரு பன்றி நின்றுகொண்டிருந்தது. பயப்படவில்லை. எங்கோ வேலைக்குப் போவதுபோல் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றது. நாங்கள் கயிற்றை வீசினோம். கயிறு கதவின் மேல் விழுந்தது. பன்றி கயிற்றைப் பார்த்தது. அப்புறம் எங்களைப் பார்த்தது. அப்புறம்..."

நாற்பத்தைந்து வினாடி முடிந்தது. திரை மாறிவிட்டது.

அதுவரை எந்தத் தேர்விலும் தாவ் பதிலைப் பாதியில் விட்டதில்லை. மதிப்பெண் எவ்வளவு குறைந்தாலும் பதில்கள் மட்டும் கச்சிதமாக முடிந்திருக்கும். இரண்டாவது கேள்வியில் சுதாரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அதுவும் பாதியில் நின்றது. மொத்தம் நான்கு கேள்விகள். நான்கும் நட்டாற்றில் நின்றன.

தேர்வறையிலிருந்து நேராக மாடிக்கு வந்தார். பெங் லான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போச்சு, டீச்சர். எல்லாம் போச்சு."

"மைக் சரியா இருந்துச்சா?"

"மைக்குக்கு என்ன கேடு! நாலு பதிலும் முடியலை. ஒண்ணுகூட முடியலை." அவருக்குக் கண் கலங்கியது. வெள்ளம், படகு, கதவு என்று முதல் பதிலை அப்படியே சொல்லிக் காட்டினார். "பன்றி எங்களைப் பார்த்துச்சு. அதோட நேரம் முடிஞ்சிடுச்சு."

பெங் லான் துடைப்பதை நிறுத்திவிட்டு ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே வந்துவிட்டார்கள். தாவ் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறு வாரம் சனிக்கிழமை காலை முடிவு வந்தது. பேச்சு, இருபத்துநான்கு.

தாவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். இது உங்க எண்தானா, வேற யாருதாவதா என்று அந்த அம்மா கேட்டார். பெயரையும் தேர்வு எண்ணையும் மூன்று முறை சரிபார்த்தார்கள். அதற்கப்புறம் தாவ் விண்ணப்பத்தை அனுப்பினார். அனுப்பி முடித்ததும் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து நன்றாக அழுதார். அத்தனை சந்தோஷம்.

ஒரு முலாம்பழத்தை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மாடிக்கு ஏறினார். வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. பெங் லான் மட்டும் இருந்தார்.

"இருபத்துநாலு, டீச்சர்!"

"நல்லது. உட்காருங்க."

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை." தாவுக்கு மூச்சு வாங்கியது. "கடற்கரையை நான் ஒரு வினாடி பிசகாம முடிச்சேன், பதினெட்டு குடுத்தாங்க. இப்ப நாலையும் பாதியில விட்டுட்டு வந்தேன், இருபத்துநாலு குடுத்திருக்காங்க. எப்படி டீச்சர்?"

பெங் லான் பழத்தை வாங்கி மேசையில் வைத்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து, நாற்காலியை இழுத்துத் தாவுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"போன சனிக்கிழமை கேட்கலாம்னு வாயைத் திறந்தேன், நீங்க கிளம்பிட்டீங்க. ஏழு நாளா எனக்கு வேலையே ஓடலை, அண்ணா. மார்க் கிடக்கட்டும். அந்தப் பன்றி கரையேறுச்சா, இல்லையா?"