கொப்பரைக்கு ஒரு பொன்

"அவிழ்த்துக் கொட்டு. ஒன்றுவிடாமல் எண்ணு" என்றார் வேங்கையார்.

காவலர்கள் முதல் மூட்டையைச் சங்குத்துறை மணலில் கவிழ்த்தார்கள். காய்ந்த கொப்பரைகள் திசைக்கொன்றாக உருண்டன. படகுக்குச் சொந்தக்காரி கொற்றி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒவ்வொன்றுக்கும் ஒரு பொன் எடுத்து வை."

"கொப்பரைக்கா?"

"கொப்பரைக்குத்தான். கல்லில் இருக்கிறது. போய்ப் பார்."

அந்நாளில் அந்தக் கரையை ஆண்டவன் நெடுங்கோ. காலையில் பிடித்த பாட்டு மாலையில் பிடிக்காத அரசன். ஆனால் துறையில் அவன் பாட்டன் நட்டுவைத்த சுங்கக் கல்லின் மேல் மட்டும் அவனுக்குப் பெருமை குறைந்ததே இல்லை. நான்கு முகத்திலும் சரக்குகளின் பெயர், ஒவ்வொரு பெயருக்கும் கீழே அதற்குரிய சட்டம். மற்றத் துறைகளில் அதிகாரியின் முகத்தைப் பார்த்துச் சுங்கம் கட்டுவார்கள். சங்குத்துறையில் கல்லின் முகத்தைப் பார்த்துக் கட்டுவார்கள். அமைச்சர் சேந்தன் அதைச் சொல்லித்தான் தூரத்து வணிகர்களை வரவழைத்தார். கொற்றியும் அப்படி வந்தவள். அமைச்சர் அழைத்து வந்த கப்பல்களை அரசன் புகழப் புகழ, சுங்கத் தலைவரான வேங்கையாருக்கு வயிறு எரிந்தது.

கல்லின் கிழக்கு முகத்தில், தென்னைச் சரக்குகளின் நடுவே, 'கொப்பரை, மூட்டைக்கு ஒரு காசு' என்றிருந்தது. மேற்கு முகத்தில், அண்டா குண்டாக்களின் நடுவே, 'கொப்பரை, ஒன்றுக்கு ஒரு பொன்' என்றிருந்தது. அது ஊர் கூடிச் சமைக்கிற வெண்கலக் கொப்பரைக்கு எழுதியது. வேங்கையார் கொற்றியை மேற்கு முகத்தின் முன்னால் நிறுத்தியிருந்தார்.

படகை விற்றாலும் ஒரு மூட்டைக்குக் காணாது. சேதி அரண்மனைக்குப் போய், அரசனே பரிவாரத்தோடு வந்துவிட்டான். சேந்தனும் கூட வந்தார்.

"அரசே, நான் கெஞ்ச வரவில்லை" என்றாள் கொற்றி. "என் சரக்குக்கு உரிய முகத்தைக் காட்டச் சொல்லுங்கள். கட்டிவிட்டுப் போகிறேன்."

"ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் எது அதிகமோ அதை வாங்க வேண்டும், அரசே" என்றார் வேங்கையார். "பொக்கிஷத்துக்கும் நல்லது."

பொக்கிஷம் என்ற சொல் அன்று அரசனுக்குப் பிடித்துப்போயிற்று. சேந்தனைப் பார்த்தான். "என்ன ஓய், அமைச்சரே? நீர் அழைத்து வந்த ஆள். வாதாடும். ஆனால் என் பாட்டன் வெட்டிய கல்லில் ஓர் எழுத்தைக் குறை சொன்னீரானால், பதவியை இங்கேயே மணலில் வைத்துவிட்டுப் போகலாம்."

"கல்லில் குறையே இல்லை, அரசே. வேங்கையாரிடம்தான் சின்னச் சந்தேகம். பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருந்தால் எதைப் பார்ப்பது?"

"பெயரை" என்றார் வேங்கையார். "பொருளைப் பார்க்கத் தொடங்கினால் கல் எதற்கு?"

"பெயர் இரண்டு முகத்தில் இருந்தால்?"

"எது கடுமையோ அது. இந்தத் துறையில் வந்திறங்கும் எதற்கும் அதுதான்."

"இது தங்கள் ஆணையா, அரசே?"

"ஆணைதான்" என்றான் நெடுங்கோ.

"இன்று காலை அக்கரைத் தோப்பிலிருந்து படகில் வந்திறங்கியது யார்?"

"நான்" என்றார் வேங்கையார். "அதற்கென்ன?"

"பெயர்?"

"விளையாடுகிறீரா? வேங்கை. அரசர் தம் வாயால் சூட்டிய பெயர்."

"வேறு பெயர் உண்டோ?"

"கிடையாது. என் வீட்டுக்காரிகூட அப்படித்தான் அழைக்கிறாள்."

"பாவம்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சேந்தன் கல்லைச் சுற்றி நடந்தார். விரலை வரிமேல் ஓட்டிப் படித்தார். "வடக்கு முகம், விலங்குகள். 'வேங்கை, கூண்டில் அடைத்தே இறக்குக.' தெற்கு முகம், மரங்கள். 'வேங்கை, அறுத்துத் துண்டாக்கி முழம் போடுக.' அரசே, இரண்டில் எது கடுமை?"

நெடுங்கோவுக்கு அடக்கிய சிரிப்பில் மீசை துடித்தது. "அறுப்பதுதான்" என்றான்.

"என் படகில் ரம்பம் இருக்கிறது, அரசே" என்றாள் கொற்றி. "கொஞ்சம் மொண்ணை."

வேங்கையார் இரண்டடி பின்வாங்கினார். "அரசே, என்னைப் பாருங்கள். நான் மரமா?"

"பார்க்கலாகாதே" என்றார் சேந்தன். "பார்க்கத் தொடங்கினால் கல் எதற்கு?"

"பெயர் கிடக்கட்டும் ஐயா. ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள்."

"கேட்டீர்களா, அரசே? சுங்கத் தலைவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்." சேந்தன் கல்லின் மேல் கையை வைத்தார். "தங்கள் பாட்டனார் மறதியால் ஒரே பெயரை இரண்டு முகத்தில் வெட்டவில்லை. படிக்க வருகிறவனுக்குக் கண் இருக்கும் என்று நம்பி வெட்டினார். அந்த நம்பிக்கைதான் இந்தத் துறையின் பெருமை."

அரசன் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு அடங்கக் காத்திருந்து பேசினான். "வேங்கையாரே, அந்தப் பெயரை உமக்கு விளையாட்டாகக் கொடுத்தேன். நீர் தலையில் ஏற்றிக்கொண்டீர். கொட்டிய சரக்கை உம் கையாலேயே அள்ளிக் கட்டும். சேந்தனாரே, கல் இனி உம் பொறுப்பு." கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டான். பிறகு கொற்றியிடம் திரும்பினான். "உனக்கு இன்று சுங்கம் இல்லை."

"வேண்டாம், அரசே. கல்லில் இருக்கிறதைக் கட்டுகிறேன். நாளைக்கு ஒருவரும் நான் சலுகையில் வந்தவள் என்று சொல்லக் கூடாது."

கிழக்கு முகத்தைப் பார்த்து, மூட்டைக்கு ஒரு காசு என்று எண்ணி வைத்தாள். அரசன் தன் பாட்டனே எதிரில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்று அதைப் பார்த்தான்.

பரிவாரம் நகர்ந்தது. கொற்றியின் ஆட்கள் கட்டிய மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு சந்தைப் பக்கம் நடந்தார்கள். வேங்கையார் கடைசி மூட்டையின் வாயைச் சுருக்கப் போனபோது, கல்லின் நிழலில் ஒரு கொப்பரை கிடந்தது. போய் எடுத்தார். பட்டு மேலாடையின் நுனியால் அதன் மணலைத் துடைத்து, மூட்டைக்குள் போட்டுக் கட்டினார்.