நாரையின் ஒரே கச்சேரி

மருதங்கரை ஏரியில் ஒரு சாம்பல் நாரை இருந்தது. நெட்டைக் கால், அதைவிட நெட்டைக் கழுத்து. மீன் பிடிப்பதில் அந்த ஏரியில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் நாரைக்கு மீன் மேல் மனசில்லை. பாட்டு மேல்தான் மனசு!

"இத்தனை நீளத் தொண்டையைச் சாமி எனக்குச் சும்மாவா குடுத்திருக்கும்? உள்ளே எங்கேயோ ஒரு பாட்டு இருக்கு. ஏறி மேலே வர நேரமாகுது, அவ்வளவுதான்!" என்று எல்லோரிடமும் சொல்லும்.

வாயைத் திறந்தால் வருவதோ "க்ராக்!" ஒன்றுதான். காய்ந்த பனைமட்டையைக் கல் தரையில் இழுத்த மாதிரி இருக்கும்.

நாரை சளைக்கவில்லை. பெரிய பாடகர்கள் விடியற்காலையில் கழுத்தளவு தண்ணீரில் நின்று குரலைப் பழக்குவார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டது. உடனே கழுத்தளவு தண்ணீரைத் தேடிக் கிளம்பியது. நாரைக்குக் கழுத்து எங்கே இருக்கிறது! ஏரி முழுக்க நடந்து பார்த்தும் தண்ணீர் காலைத் தாண்டவில்லை. கடைசியில் காலை மடக்கிச் சேற்றிலேயே உட்கார்ந்துகொண்டது. இப்போது தண்ணீர் கழுத்துக்கு வந்தது.

"க்ராக்! க்ராக்!"

மீன்கள் அத்தனையும் அக்கரைக்கு ஓடின.

"ஏன்டி நெட்டைச்சி! விடிஞ்சும் விடியாம என்னடி இது? என் குஞ்சுங்க தூங்க வேண்டாமா?" என்று கோரைப் புதருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

அது நாமக்கோழி. கரிக்கட்டைபோல உடம்பு, நெற்றியில் நாமம் போட்டது மாதிரி ஒரு வெள்ளை. ஏரிக்கரைப் பாட்டுச் சபைக்கு அதுதான் தலைவி. கோடை வந்தால் மருத மரத்தடியில் சபை கூடும். யார் பாடலாம், யார் பாடக்கூடாது என்பதெல்லாம் நாமக்கோழி சொன்னால் சொன்னதுதான்.

ஒவ்வொரு கோடையிலும் நாரை அதன் முன்னால் போய் நிற்கும்.

"இந்த வருஷமாவது எனக்கு ஒரே ஒரு பாட்டு குடுங்கக்கா!"

"உனக்கு ஒரு பாட்டு குடுத்தா, அடுத்த வருஷம் கேட்க யாருடி வருவா? கடைசி வரிசையில போய் நில்லு. முன்னால நின்னா உன் கழுத்து எல்லாரையும் மறைக்கும்!"

வாத்துகள் இறக்கையைத் தட்டிச் சிரிக்கும். நாரை கடைசி வரிசைக்குப் போய்விடும்.

சபையில் பாடுகிறவன் குயில். முட்டையை அடைகாக்கத் தெரியாத குடும்பம்தான். ஆனால் வாயைத் திறந்தால் ஏரித் தண்ணீர்கூட அசையாமல் நிற்கும். அவன் பாடும்போது நாரை ஒரு காலைத் தூக்கி, அந்தக் காலாலேயே மெதுவாகத் தாளம் போடும். குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, மூச்சை எங்கே திருடுகிறான் என்று ஒன்று விடாமல் கேட்கும்.

ஒரு நாள் குயில் பறந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நாரையக்கா, நேத்து ஒரு இடத்துல நான் கொஞ்சம் பிசகிட்டேன். சபையில ஒருத்தருக்கும் தெரியல. உங்க கால் மட்டும் அப்படியே நின்னுடுச்சு! எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"கேட்கிறது ஒரு வித்தையா தம்பி? யார் வேணா கேட்கலாம். பாடணும்! அதுதான் வித்தை!" என்று நாரை பெருமூச்சு விட்டது.

அந்த வருஷம் வெயில் மண்டையைப் பிளந்தது. ஏரி சுருங்கிப்போனது. கோரைப் புதரைச் சுற்றி எப்போதும் தண்ணீர் நிற்கும். அதுதான் உள்ளே இருக்கும் குஞ்சுகளுக்குக் கோட்டை. இப்போது அங்கே வெறும் சேறு. நாமக்கோழிக் குஞ்சுகளும் வாத்துக் குஞ்சுகளும் அந்தப் புதருக்குள்தான் இருந்தன.

இதைக் கரையிலிருந்து ஒரு நரி பார்த்தது. நாக்கில் நீர் ஊறியது.

"சேற்றில் நடந்துவிடலாம். ஆனால் ஒரு குஞ்சு 'கீச்' என்றால் போதும், அத்தனை பறவைகளும் வந்து கண்ணைக் கொத்திவிடுமே!" என்று யோசித்தது.

அப்போது தூரத்தில் "க்ராக்!" என்று கேட்டது.

நரி காதைப் பொத்திக்கொண்டது. பிறகு மெல்லக் காதை விட்டது. பிறகு சிரித்தது.

"அடேயப்பா! இந்தச் சத்தம் இருக்கும்போது இடி விழுந்தால்கூட எவனுக்கும் கேட்காதே!"

நரி நேரே நாரையிடம் போனது.

"நாரையம்மா! எத்தனையோ காட்டுச் சபை பார்த்தவன் நான். இப்படி ஒரு கம்பீரமான குரலைக் கேட்டதே இல்லை! உங்களைப் போய்க் கடைசி வரிசையில நிறுத்தி வச்சிருக்காங்களே, இவங்களுக்குக் காது இருக்கா?"

வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் தன் குரலைப் புகழ்கிறார்! நாரைக்குக் கண் கலங்கிவிட்டது.

"நிஜமாவா சொல்றீங்க?"

"உங்களுக்கு மேடை வாங்கித் தர்றது என் பொறுப்பு!"

அடுத்தாற்போல நரி, கரை ஓரமாக நின்று நாமக்கோழியைக் கூப்பிட்டது. "தலைவியம்மா! நாரையோட பாட்டு ரொம்ப உயர்ந்த பாட்டு. சாதாரணமா கேட்டாப் புரியாது. எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்கணும். ஞானம் உள்ளவங்களுக்குத்தான் புரியும். உங்களுக்குத் தெரியாததா?"

நாமக்கோழிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் விளங்கவில்லை என்று ஒரு தலைவி எப்படிச் சொல்வது?

"எனக்குத் தெரியாமலா? எனக்கு முன்னாடியே தெரியும்! அடுத்த கச்சேரி அவளோடதுதான். ஆனா நீ சபைப் பக்கம் வரக்கூடாது, சொல்லிட்டேன்!"

"வரவே மாட்டேன் தாயே! அந்தக் குன்று மேல நின்னு கேட்டுக்கறேன். நான் இப்பல்லாம் நாவல்பழம்தான் சாப்பிடறது."

கச்சேரி நாள் வந்தது. வெயில் தாழ்ந்த நேரம். நாரை குளித்து, இறகு கோதி, மேடைக் கல்லின் மேல் ஏறி நின்றது.

"தைரியமா பாடுங்கக்கா!" என்றான் குயில்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க! திறந்தவங்க ஞானம் இல்லாதவங்க!" என்று நாமக்கோழி சொன்னது. எல்லோரும் இறுக்கி மூடிக்கொண்டார்கள். ஒரு வாத்து மட்டும் ஒற்றைக் கண்ணைத் திறந்தது. பக்கத்து வாத்து அதன் தலையில் ஒரு கொத்துக் கொத்தியது.

நாரை பாடத் தொடங்கியது.

ஒருவரும் சிரிக்கவில்லை! ஒருவரும் எழுந்து போகவில்லை! ஏரியே வாய் மூடிக் கேட்டது. இத்தனை வருஷம் ஏங்கிய ஏக்கம் அத்தனையும் நெஞ்சுக்குள் பொங்கியது. முதல் அடி போனது. இரண்டாம் அடி போனது. கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அடுத்த அடிக்கு மூச்சு வாங்க நாரை ஒரு கணம் நிறுத்தியது.

அந்த ஒரு கணத்தில் கோரை அசையும் சத்தம் கேட்டது.

காற்று வீசினால் கோரை ஒரே சீராகச் சரசரக்கும். அதற்கும் ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்துக்கு நடுவே, சேராத இடத்தில், 'சளக்' என்று ஒன்று விழுந்தது. சேற்றில் கால் வைத்து எடுக்கிற சத்தம்.

நாரையின் கால் அப்படியே நின்றது.

பாட்டு இன்னும் முடியவில்லை. உருக்கமான இடம் இனிமேல்தான் வரப்போகிறது. இப்போது நிறுத்தினால் இன்னொரு தடவை யார் மேடை கொடுப்பார்கள்? ஒருவேளை காற்றாகவே இருந்தால்? அப்புறம் வருஷம் முழுக்கச் சிரிப்பார்களே! அதுவும் அந்தப் புதரில் இருப்பவை யாருடைய குஞ்சுகள்? இத்தனை நாளும் தன்னைப் பார்த்துச் சிரித்தவர்களுடைய குஞ்சுகள்!

இத்தனையும் அந்த ஒரு மூச்சுக்குள் நாரையின் மனசில் ஓடியது. ஓடி முடிந்ததும் அது பாட்டை விட்டது.

"கண்ணைத் திறங்க! கோரைக்குள்ள நரி! எழுந்திருங்க!"

"ஆகா! என்ன உருக்கம்!" என்று நாமக்கோழி கண்ணைத் திறக்காமலே தலையாட்டியது.

"அடியே, பாட்டு இல்லடி! உன் குஞ்சுடி!"

சொல்லிக்கொண்டே நாரை பறந்தது. புதருக்குள் நரி ஒரு சிவப்புத் தலை நாமக்கோழிக் குஞ்சின் மேல் காலைத் தூக்கி நின்றது. ஈட்டி மாதிரி வந்து இறங்கியது நாரையின் அலகு! மூக்கு நுனியில் ஒரே போடு!

"ஐயோ!" என்று நரி உருண்டது. அதற்குள் மற்றவர்கள் வந்துவிட்டார்கள். வாத்துகள் இறக்கையால் அறைந்தன. நாமக்கோழி முதுகில் ஏறிக் கொத்தியது. குயில்கூடத் தன் பங்குக்கு வாலைப் பிடித்து இழுத்தான். நரி வயிறுவரை சேற்றில் புதைந்து தவித்தது.

தப்ப வழியில்லை என்று தெரிந்ததும் நரி நாரையைப் பார்த்துக் கத்தியது.

"முட்டாளே! உன் பாட்டு நல்லாயிருக்குன்னா மேடை வாங்கிக் குடுத்தேன்? குஞ்சு கத்துறது வெளியே கேட்கக்கூடாதுன்னுதான் உன்னைப் பாட வச்சேன்! இந்த ஏரியிலேயே மோசமான தொண்டை உன்னோடதுதான்!"

நாரையின் முகத்தைப் பார்க்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

நாரை கழுத்தை நிமிர்த்தியது.

"தொண்டையைச் சரியாத்தான் பார்த்திருக்கே நரியாரே! காதைப் பார்க்காம விட்டுட்டியே!"

ஏரியே அதிர்ந்துபோகும்படி பறவைகள் ஆரவாரம் செய்தன. நரி சேற்றைப் பிய்த்துக்கொண்டு ஓடிய ஓட்டம் இருக்கிறதே! அதற்கப்புறம் அந்தக் கரைப் பக்கம் அதன் வாலைக்கூட யாரும் பார்க்கவில்லை.

நாமக்கோழி தன் குஞ்சுகளை இறக்கைக்குள் அணைத்துக்கொண்டு வந்தது. தலை தொங்கியிருந்தது.

"உன்னை எத்தனை பேச்சுப் பேசினேன்! மனசுல வச்சுக்காதே தாயீ. வா, மேடையில ஏறு. பாதியில விட்ட பாட்டை முடி. இனிமே எல்லாச் சபையிலும் முதல் பாட்டு உன்னோடதுதான்!"

"ஆமா! ஆமா! பாடுங்கக்கா!" என்று வாத்துகள் கூவின.

எத்தனை வருஷத்துக் கனவு! அது இப்போது தானாகக் காலடியில் வந்து நிற்கிறது. நாரை மேடைக் கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு குயில் பக்கம் திரும்பியது.

"தம்பி, நீ பொய் சொல்ல மாட்டே. என் பாட்டு எப்படி இருந்துச்சு?"

குயில் கிளையில் அப்படியும் இப்படியும் நகர்ந்தான். "அக்கா… உள்ளதைச் சொல்லட்டுமா?"

"சொல்லு!"

"முதல் அடியில கீழே இறங்கிட்டீங்க. ரெண்டாவது அடியில மேலே ஏறிட்டீங்க. நடுவுல எங்கே போனீங்கன்னே எனக்குத் தெரியல!"

நாரைக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு! கழுத்து நெடுக அலை அலையாக ஏறி வந்த சிரிப்பு!

"எனக்கும் கேட்டுச்சுடா தம்பி! நரியோட காலடி கேட்ட காதுக்கு என் தொண்டை கேட்காமப் போகுமா? இத்தனை வருஷமும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒத்துக்கத்தான் மனசு வரல."

சொல்லும்போது நெஞ்சின் ஓரத்தில் கொஞ்சம் வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த வலி நாரையைக் கீழே தள்ளவில்லை.

"ஒரு தடவை நின்னாச்சு, பாடியும் பார்த்தாச்சு. அது போதும் எனக்கு! இந்தக் கல் உன்னோடது தம்பி, ஏறு. இன்னிக்கு நல்ல பாட்டாக் கேட்கணும்னு இருக்கு!"

குயில் பாடினான். இத்தனை நாளும் அவன் பாடும்போதெல்லாம், 'அங்கே நான் நின்றிருந்தால்!' என்று நாரையின் நெஞ்சில் ஒரு முள் குத்திக்கொண்டே இருக்கும். அதனால் பாதிப் பாட்டுத்தான் உள்ளே போகும். இன்றைக்கு அந்த முள் இல்லை. முழுப் பாட்டும் உள்ளே போனது. நாரை காலைத் தூக்கித் தாளம் போட, அதைப் பார்த்து வாத்துகள் தாளம் போட, குஞ்சுகளும் தத்தித் தத்தித் தாளம் போட, மருத மரத்தடியே ஆடியது.

அதற்குப் பிறகு மேடை ஏறுகிறவர்கள் யாரானாலும் முதலில் நாரையிடம் வந்து பாடிக் காட்டிவிட்டுத்தான் ஏறினார்கள். "சரி, போ!" என்று நாரை தலையசைத்துவிட்டால், அந்த ஏரியில் அதற்கு மேல் ஒரு பட்டம் கிடையாது. குயிலே பயந்து பயந்துதான் வந்து பாடிக் காட்டுவான் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

கேட்ட வரம் கிடைக்காமல் போனாலும், அதற்காகப் பட்ட பாடு வேறொரு வரமாக நம்மிடம் வந்து சேரும். அதைக் கண்டு மனம் நிறைகிறவர்கள் தோற்பதே இல்லை.