குன்றன் நின்ற தரை

நீலமுடிக் காட்டில், கானாற்றின் கரையோரம் ஒரு பெரிய மருதமரம் நின்றது. அதன் நிழலில் ஆண்டுதோறும் கரடிகள் குத்துச்சண்டை போடும். வென்ற கரடி மரத்தருகே சென்று, பின்னங்கால்களில் நிமிர்ந்து, கை எட்டிய உயரத்தில் தன் நகங்களைப் பட்டையில் பதிக்கும். அந்த நகக்குறியே அதன் பரிசு. அதன்பின் கீச்சி என்னும் மைனா கிளையில் அமர்ந்து, அதுவரை வென்ற வீரர்களின் பெயர்களை வரிசையாகப் பாடும். அந்தப் பாட்டில் பெயர் உள்ளவரை எந்தக் கரடியும் மறைந்து போவதில்லை என்பது காட்டு விலங்குகளின் நம்பிக்கை.

அவ்வாண்டும் கொண்டல்தான் வென்றான். மழைமேகம் போன்ற கரிய உடலும், மின்னல் போன்ற இடது கையும் உடைய இளங்கரடி அவன். எதிர்த்து வந்தவன் மூன்றாம் சுற்றிலேயே மண்ணைக் கவ்வினான். கூட்டம் ஆர்ப்பரித்தது.

ஆனால் கொண்டலின் காதில் அந்த ஆரவாரம் ஏறவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு கிழக்கரடியின் முணுமுணுப்புத்தான் ஏறியது.

"இடது கையைத் தாழ்த்துகிறான், தாழ்த்துகிறான்! என் காலத்தில் இவன் இலந்தைப்பழம் பொறுக்கத்தான் போயிருப்பான்!"

அவர் குன்றன். ஒரு காலத்தில் இதே மரத்தடியில் எவராலும் வீழ்த்த முடியாத வீரர். இப்போது முதுகு கூனி, கண்ணில் வெண்படலம் விழுந்திருந்தது; அசைவு மட்டும் மங்கலாகத் தெரியும். ஆயினும் ஆண்டு தவறாமல் வந்துவிடுவார். சண்டை முடிந்ததும் கீச்சி பாடும் பாட்டில் தம் பெயர் வரும் இடத்தை எதிர்பார்த்துத் தலையைச் சாய்த்துக்கொள்வார். பெயர் வந்ததும் எழுந்து போய்விடுவார். அதற்குப் பின்வரும் பெயர்களை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

'இந்தக் கிழவருக்கு என்ன செய்தால் வாய் அடங்கும்?' என்று கொண்டல் மனத்துக்குள் புழுங்கினான்.

அவன் புழுக்கத்தைச் சொல்லழகன் என்னும் நரி மோப்பம் பிடித்துவிட்டது. வெல்பவன் பக்கம் நின்று, அவன் இறக்கும் தேனடையில் பங்கு பெறுவதே நரியின் பிழைப்பு. அது ஒரு மேட்டின் மேல் ஏறியது.

"காட்டோரே! எல்லாக் காலத்துக்கும் பெரிய வீரன் யார்? குன்றனா, கொண்டலா?"

அவ்வளவுதான்! கூட்டம் இரண்டாகப் பிளந்தது.

"குன்றன்தான்! அந்தக் காலத்துக் கரடிகளுக்கு அடி தாங்கும் தாடை இருந்தது!" என்றது முள்ளம்பன்றி.

"தாடை இருந்து என்ன பயன்? காலில் வேகம் வேண்டாமா? கொண்டல் சுற்றி வருவதற்குள் உங்கள் குன்றனுக்குத் தலை சுற்றியிருக்கும்!" என்றது குரங்கு.

"குன்றன் உச்சி வெயில் சாயும்வரை சண்டை போட்டாராம்!"

"எதிரியை வீழ்த்தத் தெரியாதவன்தான் வெயில் சாயும்வரை போடுவான்!"

"நீ பார்த்தாயா?"

"நீ பார்த்தாயா?"

இருவருமே பார்த்ததில்லை. ஆகையால் குரல்தான் உயர்ந்தது.

நரி கையமர்த்தியது. "வாய்ச்சண்டை எதற்கு? மரம் இருக்கிறதே, பாருங்கள்! கொண்டல் சென்ற ஆண்டு இட்ட குறி எங்கே? அண்ணாந்து பார்க்கும் உயரத்தில்! குன்றன் இட்ட குறி எங்கே? அதோ, ஒரு பன்றிக்குட்டி முதுகு சொறியும் உயரத்தில்!"

எல்லோரும் பார்த்தார்கள். உண்மைதான். மரத்தில் குறிகள் படிப்படியாக ஏறின. மிகப் பழைய குறி எல்லாவற்றுக்கும் கீழே கிடந்தது. கூட்டம் சிரித்தது.

"இவ்வளவு குள்ளனையா இத்தனை நாள் பாட்டில் பாடினோம்?" என்றது குரங்கு.

"இன்றோடு நிறுத்துவோம்!" என்றது நரி. "குன்றன் பெயரைப் பாட்டிலிருந்து நீக்குவோம். கொண்டலுக்கு 'முக்கால வீரன்' என்று பட்டம் சூட்டுவோம். சென்ற காலம், நிகழ்காலம், வருங்காலம் மூன்றுக்கும் ஒரே வீரன்!"

"முக்கால் வீரனா?" என்று கேட்டார் குன்றன். "மிச்சக் கால் பங்கு எங்கே போயிற்று?"

சிலர் நகைத்தார்கள். ஆயினும் தலைகள் நரியின் பக்கமே ஆடின. கீச்சி தயங்கியது. "கொண்டல் ஒப்பினால் பெயரை விட்டுவிடுகிறேன்" என்றது.

கொண்டலின் மார்பு விம்மியது. முக்கால வீரன்! கிழவரின் வாயும் அடங்கும். 'சரி' என்ற ஒரு சொல் போதும். அந்தச் சொல் அவன் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

அப்போது குன்றன் மெல்ல எழுந்தார். தடவித் தடவி மரத்தருகே வந்தார். பழைய நினைவில் தலையை உயர்த்தி, முகர்ந்து, தம் குறியைத் தேடினார். கிடைக்கவில்லை. இன்னும் சற்றுத் தாழ்ந்தார். கிடைக்கவில்லை. முன்னங்கால்களை மடக்கி, ஏறக்குறைய மண்டியிட்டபோதுதான் அவர் மூக்கு அந்தப் பழைய வடுவில் பட்டது.

"இங்கேயா?" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "என் கை இவ்வளவுதானா எட்டியது? நுனிவிரலில் நின்று எட்டினேனே... இட்ட பிறகு இந்தக் கரும்பாறையின் மேல்தான் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன்..."

அவர் கை பக்கத்தில் துழாவியது. அங்கே பாறை ஏதும் இல்லை. வெறும் மண்தான் இருந்தது.

"பாறை எழுந்து நடந்து போய்விட்டது போலும்!" என்றது நரி. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

கொண்டலுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் குறியைத் தேடி ஒரு வீரன் மண்டியிடுவதை அவன் அதுவரை பார்த்ததில்லை. அவன் அருகே சென்று, அவர் கை துழாவிய இடத்தைத் தன் மூக்கால் முகர்ந்தான். ஆற்று வண்டலின் வாடை. கரையான் வேட்டையாடும் கரடிக்கு மண்ணைத் தெரியாதா? கெட்டித் தரைக்கு ஒரு வாடை உண்டு. வெள்ளம் கொண்டுவந்து போட்ட மண்ணுக்கு வேறு வாடை.

"கொஞ்சம் பொறுங்கள்!" என்றான்.

அவன் தோண்டத் தொடங்கினான்.

"வீரரே! என்ன இது? பட்டம் சூட்டும் வேளையில் கரையான் தின்னவா போகிறீர்?" என்று நரி பதறியது.

கொண்டல் இன்னும் வேகமாகத் தோண்டினான். மண் இருபுறமும் பறந்தது. இடுப்பளவு ஆழமாயிற்று. மருதமரத்தின் அடிமரம் இன்னும் கீழே போய்க்கொண்டே இருந்தது! சற்று நேரத்தில் அவன் நகம் 'கிறீச்' என்று எதன் மேலோ உரசியது.

மண்ணைத் துடைத்தான். வழவழப்பான ஒரு கரும்பாறை!

கூட்டம் பள்ளத்தைச் சுற்றி நெருங்கியது.

"ஐயா, உங்கள் பாறை நடந்து போகவில்லை" என்றான் கொண்டல், பள்ளத்திலிருந்து. "ஆண்டுதோறும் ஆறு பெருகி, கொஞ்சம் கொஞ்சமாக வண்டலை விட்டுப் போயிருக்கிறது. தரைதான் ஏறியிருக்கிறது. நீங்கள் நின்ற தரை இதுதான்!"

குன்றன் பள்ளத்தை நோக்கிக் குனிந்தார். "பாறை... மேல்பக்கம் ஒரு குழிவு இருக்குமே?"

"இருக்கிறது, ஐயா. நன்றாகவே இருக்கிறது."

கொண்டல் பாறைக்குப் பக்கத்தில், அந்தப் பழைய தரையில் நிமிர்ந்து நின்றான். கையை நீட்டினான். குன்றனின் குறி அவன் தலைக்கு மேலே, வெகு மேலே இருந்தது. விரல் நுனிகளில் எக்கினான். எட்டவில்லை! ஒரு சாண் குறைந்தது.

நரி ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "கண்டீர்களா! நான் அப்போதே நினைத்தேன்! குன்றன்தான் முக்கால வீரர்! கீச்சி, கொண்டலின் பெயரை நீக்கு!"

"குன்றன் வாழ்க!" என்று கத்தியது, சற்றுமுன் சிரித்த அதே குரங்கு.

கொண்டலின் முகம் கறுத்தது. தன் கையாலேயே தன் புகழைத் தோண்டி எடுத்து வெளியே போட்டுவிட்டோம் என்று தோன்றியது. ஆயினும் அவன் மண்ணைத் திரும்பத் தள்ளி மூடவில்லை.

குன்றன் பள்ளத்தின் விளிம்பில் நின்று தொண்டையைக் கனைத்தார். ஒருமுறை அல்ல, பலமுறை.

"அடே, பொறுங்கள்" என்றார். "ஒன்று சொல்ல வேண்டும். நுனிவிரலில் நின்றது மட்டும் இல்லை, அன்று நான்... கொஞ்சம் துள்ளினேன்."

"என்ன?"

"துள்ளினேன் என்கிறேன்! எங்கள் காலத்தில் துள்ளிக் குறியிடலாம். அதற்குத் தடையில்லை. இவர்கள் காலத்தில்தான் கால் தரையில் இருக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். துள்ளாமல் இருந்தால் எனக்கு எவ்வளவு எட்டியிருக்குமோ, எனக்கே தெரியாது!"

கொண்டல் அவரை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் மெல்லச் சிரிப்புப் பரவியது. "இறங்கி வாருங்கள், ஐயா. கரையானும் இருக்கிறது."

அவன் தோளில் கை ஊன்றிக் குன்றன் பள்ளத்தில் இறங்கினார். தம் பாறையின் குழிவில் உட்கார்ந்தார். அது அவருக்கு இன்னும் பொருந்தியது. மூச்சு விட்டுக்கொண்டே மரத்தை முகர்ந்தவர், சட்டென்று நிறுத்தினார்.

"தம்பி, இங்கே ஒரு குறி இருக்கிறதே! என் முழங்காலுக்குக் கீழே. இது யாருடையது?"

கொண்டல் குனிந்து பார்த்தான். பட்டையில் மங்கிய நக வடுக்கள் தெரிந்தன. அதற்குக் கீழே, மண்ணுக்குள் பாதி மறைந்து, இன்னும் ஒன்று இருந்தது.

"கீச்சி, இவர்கள் யார்?" என்று கேட்டான்.

"என் பாட்டில் இவர்கள் இல்லை" என்றது மைனா மெதுவாக.

குன்றன் அந்தப் பெயரில்லாத வடுவின் மேல் தம் கையை வைத்து வெகு நேரம் எடுக்கவில்லை. "அவர்கள் நின்ற தரை இன்னும் கீழே இருக்கும்" என்றார்.

"பட்டம்? பட்டம் யாருக்கு?" என்று மேலிருந்து நரி கூவியது.

"எனக்கு என் ஒரு காலம் போதும்!" என்றான் கொண்டல்.

"எனக்கும்" என்றார் குன்றன். "முக்காலை நீயே வைத்துக்கொள்!"

அன்று கீச்சி பாடியபோது, பெயர் தெரியாத வீரர்களுக்கென்று பாட்டின் தொடக்கத்தில் சற்று நேரம் வாய் மூடி இருந்தது. பிறகு குன்றன் பெயர் வந்தது. அவர் எழுந்து போகவில்லை. கொண்டலின் பெயர் வரும்வரை தலையைச் சாய்த்தபடியே கேட்டார். கேட்டு முடித்ததும் ஒரு பிடி கரையானை அவன் பக்கம் தள்ளினார்.

"ஆனாலும் இடது கையைத் தாழ்த்துகிறாய், பயலே!"

"சரி ஐயா" என்று கொண்டல் கையை உயர்த்திக்கொண்டான்.

ஒருவருடைய உயரத்தை அளக்க விரும்புவோர், முதலில் அவர் நின்ற தரையைத் தேடிக் காண வேண்டும்.